செட்டிநாட்டு மாடியிலிருந்து வானம்: தொலைநோக்கி வகைகளைப் புரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு வானம் பார்க்க இரண்டு வசதிகள் ஏற்கெனவே வாய்த்திருக்கின்றன. ஒன்று, விசாலமான மொட்டை மாடி. இன்னொன்று, ஊர் அமைந்திருக்கும் இடம். காரைக்குடி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கிறது. அதனால் வடக்கே துருவ நட்சத்திரமும் தெரியும், டெல்லிக்காரர்களின் கண்ணுக்கு முழுதாக அகப்படாத தென்சிலுவையும் தெரியும். ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்குப் போனால் இருட்டும் கிடைக்கும்.

இனி வேண்டியது கருவி. கடையில் கேட்டால் ரிஃப்ராக்டர், ரிஃப்ளெக்டர், டாப்சோனியன், மாக்சுடோவ் என்று பெயர்களை அடுக்குவார்கள். பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் வெளிச்சம் உள்ளே எந்த வழியாகப் போய் எந்த வழியாகக் கண்ணுக்கு வருகிறது என்று புரிந்துவிட்டால், எது நம் வீட்டுக்குச் சரி என்று நாமே முடிவெடுக்கலாம். கீழே சொல்லியிருப்பவற்றில் சில சோதனைகளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வாங்குவதற்கு முன்பே அவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில்: உருப்பெருக்கத்தை மறந்துவிடுங்கள்

"எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. தொலைநோக்கியின் முதல் வேலை பெரிதாக்குவது இல்லை, ஒளியைச் சேர்ப்பது. முற்றத்தில் மழை கொட்டும்போது சொம்பை வைத்தால் சொம்பளவு தண்ணீர், அண்டாவை வைத்தால் அண்டா அளவு தண்ணீர். வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு சேரும். நட்சத்திர ஒளியும் அப்படித்தான்.

இருட்டில் நம் கண்மணி அதிகபட்சம் 7 மி.மீ. அளவுக்கு விரியும். முன்புற லென்ஸ் 70 மி.மீ. விட்டம் என்றால் அது பத்து மடங்கு அகலம். பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கண்ணைவிட 100 மடங்கு ஒளி சேரும். 150 மி.மீ. என்றால் ஏறக்குறைய 460 மடங்கு. விட்டம் கூடினால் நுணுக்கமும் கூடும். ஒட்டியிருக்கும் இரட்டை நட்சத்திரங்களைப் பிரித்துப் பார்ப்பது, சனியின் வளையத்தில் இருக்கும் கருப்பு இடைவெளியைக் காண்பது எல்லாம் விட்டத்தின் தயவு.

ஆகவே எந்தத் தொலைநோக்கியைப் பார்த்தாலும் முதலில் விட்டம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள். அட்டைப் பெட்டியில் 525 மடங்கு, 675 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 60 மி.மீ. கருவியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். ஏன் என்பதற்கான கணக்கு பின்னால் வருகிறது.

வளவில் ஒரு சோதனை: லென்ஸ் வகை எப்படி வேலை செய்கிறது

நம் ஊர் வீடுகளில் முற்றம் பளீரென்று இருக்கும், அதைச் சூழ்ந்த வளவின் அறைகளுக்குள் மங்கலாக இருக்கும். இந்தச் சோதனைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எழுத்துப் படிக்க உதவும் கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மதிய வேளையில் ஒரு வளவு அறைக்குள் போய், முற்றத்துக்கு நேர் எதிரான உட்சுவரின் அருகே நின்று, லென்ஸைச் சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட தூரத்தில் முற்றம் முழுவதும் சுவரில் வந்து விழும். தூண்கள், ஓட்டுச் சாய்ப்பு, மேலே வானத்துத் துண்டு எல்லாம் வண்ணத்தோடு, தலைகீழாக, உள்ளங்கை அளவில் தெரியும். செட்டிநாட்டுப் பூச்சின் வழவழப்பில் அந்தப் பிம்பம் திரைபோலத் துலக்கமாக இருக்கும். யாராவது முற்றத்தில் நடந்துபோனால் சுவரில் தலைகீழாக நடப்பார்கள்.

லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள அந்தத் தூரம்தான் குவியத்தூரம். ஸ்கேல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி விளம்பரத்தில் 700 மி.மீ., 1200 மி.மீ. என்று வருவது இதே அளவுதான்.

இப்போது சுவருக்குப் பதிலாக ஒரு எண்ணெய்த் தாளைப் பிடித்து, அதில் விழும் பிம்பத்தை இன்னொரு சிறிய பூதக்கண்ணாடியால் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். பிம்பம் பெரிதாகத் தெரியும். அப்புறம் தாளை உருவிவிடுங்கள். பிம்பம் இன்னும் பிரகாசமாக அந்தரத்தில் நிற்கும். முன்னால் இருப்பது பொருளருகு லென்ஸ், கண்ணருகே இருப்பது கண்ணருகு லென்ஸ், இன்றைய பேச்சு வழக்கில் ஐபீஸ். ஒளிவிலகல் தொலைநோக்கி, அதாவது ரிஃப்ராக்டர், முழுவதும் இவ்வளவுதான். இந்த அமைப்பைக் கெப்ளர் 1611ல் விளக்கி எழுதினார். அதற்கு முன் 1609ல் கலிலியோ வானத்துக்குத் திருப்பிய கருவியில் கண்ணருகே குழிலென்ஸ் இருந்தது. அதில் பிம்பம் நேராகத் தெரியும், ஆனால் பார்வைப் பரப்பு மிகக் குறுகல். இன்று கடையில் கிடைக்கும் ரிஃப்ராக்டர்கள் எல்லாம் கெப்ளர் வழிதான். வானத்தில் தலைகீழ் என்பது ஒரு குறையே இல்லை.

சுவரில் விழுந்த பிம்பத்தின் ஓரங்களைக் கூர்ந்து பார்த்தால் மெல்லிய ஊதா, சிவப்புக் கரை தெரியும். கண்ணாடிக்குள் நீல ஒளி அதிகமாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் வளைவதால் எல்லா நிறமும் ஒரே இடத்தில் குவிவதில்லை. இதற்கு நிறப்பிறழ்ச்சி என்று பெயர். அந்தக் காலத்தில் இதைச் சமாளிக்கக் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். போலந்து நாட்டு ஹெவீலியஸ் சுமார் 45 மீட்டர் நீளத்துக்கு ஒன்றைக் கட்டிக் கம்பத்தில் தொங்கவிட்டார். பிறகு இரண்டு விதக் கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த இரட்டை லென்ஸ் வந்தது. லண்டனில் டாலண்ட் 1758ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நாம் வாங்கும் 70, 80 மி.மீ. ரிஃப்ராக்டர்களில் இருப்பது அந்த வகை லென்ஸ்தான். நிலாவின் விளிம்பிலும் வெள்ளியைச் சுற்றியும் கொஞ்சம் ஊதா மிச்சம் இருக்கும். அதையும் போக்கும் உயர்ரகக் கண்ணாடி வைத்தவை உண்டு, விலை எங்கோ போய்விடும்.

லென்ஸ் வகைக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. லென்ஸை ஓரத்தில் மட்டும்தான் பிடித்து நிறுத்த முடியும், நடுவில் ஒளி போக வேண்டுமே. பெரிதாக ஆக ஆகத் தன் எடையாலேயே அது தொய்ந்து வடிவம் கெடும். அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தில் 1897ல் அமைத்த 40 அங்குல லென்ஸ்தான் வானாராய்ச்சியில் தொடர்ந்து பயன்பட்ட ரிஃப்ராக்டர்களில் மிகப் பெரியது.

சிறிய அளவில் மட்டும் இந்த வகைக்கு ஈடில்லை. மூடிய குழாய், தூசி நுழையாது, திருகித் திருத்த எதுவும் இல்லை, எடுத்தோம் பார்த்தோம் என்று இருக்கும்.

சவரக் கண்ணாடியும் நியூட்டனும்

அடுத்த சோதனைக்கு முகத்தைப் பெரிதாகக் காட்டும் சவரக் கண்ணாடி வேண்டும். அது குழியாடி, அதாவது உட்பக்கம் குழிந்த கண்ணாடி. அதே அறையில் கண்ணாடியை முற்றத்தைப் பார்த்துப் பிடியுங்கள். அதற்கு முன்னால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைத் தாளை நகர்த்திப் பாருங்கள். மறுபடியும் முற்றம், மறுபடியும் தலைகீழாக. லென்ஸே இல்லாமல் பிம்பம் வந்துவிட்டது. ஊதாக் கரை துளியும் இருக்காது, ஏனென்றால் எதிரொளிப்பில் எல்லா நிறமும் ஒரே மாதிரிதான் திரும்புகின்றன.

ஆனால் சிக்கல் உடனே தெரியும். பிம்பம் கண்ணாடிக்கு முன்னால் விழுகிறது. அதைப் பார்க்கத் தலையை நீட்டினால் வருகிற வெளிச்சத்தைத் தலையே மறைத்துவிடும். 1668ல் நியூட்டன் இதற்கு வழி செய்தார். குவியும் ஒளி பிம்பமாவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடியை 45 பாகை சாய்த்து வைத்து, ஒளியைக் குழாயின் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டார். அதனால்தான் கடைக்காரர் ரிஃப்ளெக்டர் என்று சொல்லும் நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் அடிமுனையில் பெரிய ஆடி இருக்கிறது, நாம் மேல்முனையருகே பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

நடுவில் நிற்கும் அந்தச் சின்னக் கண்ணாடி கருப்புப் புள்ளியாகத் தெரியாதா என்று கேட்பார்கள். தெரியாது. அது குவியத்தில் இல்லாததால் பிம்பத்தில் வராது. கொஞ்சம் ஒளியும் கொஞ்சம் துல்லியமும் குறையும், அவ்வளவுதான்.

பெரிய ஆடி பரவளைய வடிவில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் படும் ஒளியும் நடுவில் படும் ஒளியும் ஒரே புள்ளியில் சேரும். இங்கே ஓர் எச்சரிக்கை. குவியத்தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்து, குழாய் மட்டும் அரை மீட்டர் நீளமே இருக்கும் 114 மி.மீ. நியூட்டன் வகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றில் சாதாரணக் கோள ஆடியை வைத்து, ஐபீஸ் குழாய்க்குள் ஒரு லென்ஸைச் செருகிக் கணக்கை ஒப்பேற்றியிருப்பார்கள். படம் கூர்மையாக நிற்காது, ஆடிகளை நேர்ப்படுத்துவதும் பெரும்பாடு. புதியவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள். குழாயின் நீளமும் குவியத்தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

ஆடிக்கு ஒரு பக்கம் மட்டும் மெருகு இருந்தால் போதும். முதுகுப் பக்கம் முழுவதும் முட்டுக் கொடுத்துத் தாங்கலாம். எவ்வளவு பெரிதாகவும் செய்யலாம், பல துண்டுகளைச் சேர்த்தும் செய்யலாம். உலகின் பெரிய ஒளித் தொலைநோக்கிகள் எல்லாம் ஆடி வகை ஆனதற்குக் காரணம் இதுதான். திருப்பத்தூர் மாவட்டம் காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். விண்வெளியில் இருக்கும் ஜேம்ஸ் வெப்பின் ஆடி 6.5 மீட்டர், தங்கம் பூசிய 18 துண்டுகள். வீட்டுக்கு வாங்கும்போதும் இந்த லாபம் நமக்கு வருகிறது. கொடுக்கும் காசுக்கு அதிக விட்டம் கிடைப்பது நியூட்டன் வகையில்தான்.

இரண்டையும் கலந்த வகை

குவியத்தூரம் நீளமாக வேண்டும், குழாய் குட்டையாக வேண்டும் என்றால் ஒளியை உள்ளேயே மடிக்க வேண்டும். பெரிய ஆடியின் நடுவில் ஒரு துளை போட்டு, முன்னால் சின்னக் குவியாடி ஒன்றை வைத்தால், ஒளி போய்த் திரும்பி அந்தத் துளை வழியாகப் பின்னால் வந்துவிடும். 1672லேயே வெளியான இந்த அமைப்புக்குக் காசிகிரேன் என்று பெயர். காவலூரில் இந்த முறையிலும் பார்க்கிறார்கள். வீட்டுக் கருவிகளில் ஆடிகளைச் சுலபமான கோள வடிவில் செய்துவிட்டு, அதனால் வரும் பிழையைச் சரிக்கட்ட முன்னால் ஒரு கண்ணாடி வைக்கிறார்கள். அது மெல்லிய தகடு என்றால் ஷ்மிட்-காசிகிரேன். கனமான கிண்ண வடிவம் என்றால் மாக்சுடோவ், 1941ல் ரஷ்யர் மாக்சுடோவ் வகுத்தது.

127 மி.மீ. மாக்சுடோவில் 1500 மி.மீ. குவியத்தூரம் ஒரு முழம்கூட இல்லாத குழாய்க்குள் அடங்கிவிடும். நிலா, கிரகங்கள், இரட்டை நட்சத்திரங்களுக்கு அருமை. பார்வைப் பரப்பு குறுகல் என்பதால் கார்த்திகைக் கூட்டம் போன்ற அகலமானவை முழுதாக அடங்காது. மார்கழி, தை மாதங்களில் முன் கண்ணாடியில் பனி பூத்துவிடும். கருப்புச் சார்ட் அட்டையைச் சுருட்டி முன்பக்கம் ஒரு சாண் நீட்டிவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

கணக்கு: உருப்பெருக்கம் எங்கிருந்து வருகிறது

தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுங்கள். 1200 மி.மீ. குழாயில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ. போட்டால் 120 மடங்கு. ஆகவே எந்தத் தொலைநோக்கியையும் காகிதத்தில் எத்தனை மடங்குக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆனால் விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் இரண்டு மடங்கு என்பதுதான் பயனுள்ள எல்லை. 60 மி.மீ. என்றால் 120 மடங்கு. அதற்கு மேல் போனால் கிடைப்பது மங்கலான, பெரிய கலங்கல். 525 மடங்கு விளம்பரத்தை ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

நடைமுறையில் பெரும்பாலான நல்ல காட்சிகள் 30 முதல் 150 மடங்குக்குள் வந்துவிடும். 25, 10 என்று இரண்டு பிளாசில் வகை ஐபீஸ் இருந்தால் முதல் ஒரு வருஷத்துக்குத் தாராளம். ஐபீஸ் பொருந்தும் துளை 1.25 அங்குலமாக இருக்கட்டும். அதைவிடக் குறுகலான பழைய அளவு என்றால் பிறகு நல்ல ஐபீஸ் மாற்ற வழியில்லாமல் போகும்.

தாங்கியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்

நல்ல குழாயை ஆட்டம் காணும் முக்காலியில் வைத்தால் எல்லாம் வீண். கை பட்டதும் நிலா குதிக்கும், மாடிக் காற்றுக்கே சனி நடுங்கும். என்னைக் கேட்டால், புதியவர்கள் ஆசையை விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் லென்ஸ் இல்லை, முக்காலிதான்.

தாங்கிகள் இரண்டு விதம். மேலே கீழே, இடம் வலம் என்று நகர்வது ஒரு விதம். பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை வைத்து, அதை மட்டும் திருப்பினாலே நட்சத்திரத்தைத் தொடரும் நடுவரைத் தாங்கி இன்னொரு விதம். இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும். நம் ஊரில் அதில் ஒரு சங்கடம் உண்டு. அந்த அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். காரைக்குடியில் துருவம் அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில்தான் இருக்கிறது, அதாவது கையை நீட்டினால் ஒரு முஷ்டி அளவு. பக்கத்து வீட்டுக் கைப்பிடிச் சுவரே அதை மறைத்துவிடும். தெரிந்தாலும் அச்சை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது, எடைக்கு எடை நிற்கும் இரும்புக் குண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த சில மலிவுத் தாங்கிகள் அந்தக் கோணத்துக்கு இறங்குவதே இல்லை. படம் எடுக்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு இது தேவையில்லாத தலைவலி.

இதே தத்துவத்தைத் தமிழ்நாட்டில் பிரம்மாண்டமாகப் பார்க்க ஆசையிருந்தால் ஊட்டிக்குப் போக வேண்டும். அங்கே ரேடியோ தொலைநோக்கியை மலைச்சரிவில் வடக்கு தெற்காகக் கிடத்தியிருக்கிறார்கள். சரிவின் கோணம் அந்த இடத்தின் அட்சரேகையான 11 பாகைக்குச் சமமாக இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும். அதனால் 530 மீட்டர் நீளக் கருவி முழுவதும் பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் உருட்டினால் போதும், வானப் பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். 1970லிருந்து இயங்குகிறது. அதற்கும் நம் சவரக் கண்ணாடிக்கும் அடிப்படை ஒன்றுதான்: பரவளையப் பரப்பு அலைகளைக் குவிக்கிறது. ரேடியோ அலைகள் நீளமானவை என்பதால் பளபளக்கும் கண்ணாடி வேண்டாம், இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகளே ஆடியாகிவிடும்.

சரி, மாடிக்கு வருவோம். மேலே கீழே, இடம் வலம் நகரும் தாங்கிகளில் எளிமையானது டாப்சோனியன். அமெரிக்காவில் ஜான் டாப்சன் பரப்பிய மரப்பெட்டி அது. நியூட்டன் குழாயை இரண்டு பக்கப் பலகைக்கு நடுவே உட்கார வைத்து, பெட்டியை ஒரு வட்டப் பலகை மேல் சுழலவிடுவார்கள். உராயும் இடங்களில் டெஃப்லான் துண்டு, அதற்கு எதிரே வழவழப்பான லேமினேட். விரலால் தள்ளினால் நகரும், விட்டால் நின்றுவிடும். பெட்டி பழுதானால் நம் ஊர் ஆசாரியிடம் அளவைக் கொடுத்துப் புதிதாகவே செய்துகொள்ளலாம். பிளைவுட் போதும். தேக்கில் செய்யச் சொல்லிவிடாதீர்கள், மாடிப்படி ஏற்ற முடியாது.

எதை வாங்கலாம்

இதுவரை எதையும் பார்த்திராதவர் முதலில் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் வாங்குங்கள். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் விட்டம். அதுவும் ரிஃப்ராக்டர்தான், இரண்டு கண்ணுக்கு இரண்டு. உள்ளே இருக்கும் பட்டகம் பிம்பத்தை நிமிர்த்திக் கொடுக்கிறது. கார்த்திகைக் கூட்டம், விருச்சிகத்தின் வால் பக்கத்து நட்சத்திரக் கொத்துகள், வியாழனின் நிலாக்கள் வரை அதிலேயே தெரியும். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பாருங்கள்.

ஊரிலேயே இருப்பவர் என்றால் என் தேர்வு 150 மி.மீ. நியூட்டன், டாப்சோனியன் பெட்டியோடு. தயக்கமே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கும் இதுதான் சரி, எத்தனை கை பட்டாலும் தாங்கும்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊர் வீட்டைத் திறக்கிறவர்கள் நிலைமை வேறு. பூட்டிய வீட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் ஆடியில் தூசி படியும், லென்ஸில் பூசணம் பூக்கும். அவர்கள் கையோடு கொண்டுவந்து கையோடு எடுத்துப்போக 90 முதல் 127 மி.மீ. மாக்சுடோவ் பொருத்தம்.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு 70 மி.மீ. ரிஃப்ராக்டர், கனமான முக்காலியோடு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பித்தளைத் தொலைநோக்கி எதுவும் கண்ணில் பட்டால் ஆசைப்பட்டு வாங்கலாம், ஷோகேஸில் வைக்கத்தான். வானம் பார்க்க அது உதவாது.

முதல் இரவு

பகலிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். குழாய் மேல் இருக்கும், பொருளைத் தேடிப் பிடிக்க உதவும் சின்ன ஃபைண்டரும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். சூரியனுக்கு எதிர்த் திசையில் தூரத்துக் கோபுரக் கலசம் ஒன்றைக் குறைந்த உருப்பெருக்கத்தில் நடுவில் கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே கலசத்தைக் குறுக்குக் கம்பியின் நடுவில் நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் இரவில் தேடினால் நிலாவைக்கூடப் பிடிக்க முடியாது.

அடுத்தது சூடு. நாள் முழுவதும் வெயில் குடித்த செங்கல் சுண்ணாம்புத் தளம் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று மேலே எழும்போது நட்சத்திரங்கள் துடிக்கும், வியாழனின் பட்டைகள் கரைந்து ஓடும். கருவியைக் குறை சொல்லாதீர்கள். அந்தியில் மாடியில் இரண்டு வாளித் தண்ணீர் தெளியுங்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆடியையும் ஆறவிடுங்கள். கிரகங்களை ஒன்பது, பத்து மணிக்கு மேல் பாருங்கள். இதே காரணத்தால் முற்றத்தில் நின்று மேலே பார்ப்பதும் சரிப்படாது, வீட்டுச் சூடெல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது.

எந்த நாளில் தொடங்குவது? பௌர்ணமி வேண்டாம். அன்று நிலாவில் நிழலே விழாது, வெறும் வெள்ளைத் தட்டாகத்தான் இருக்கும். வளர்பிறைப் பஞ்சமி முதல் அஷ்டமி வரை நல்ல நாட்கள். எனக்குப் பிடித்த நாள் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் மாலை. வளர்பிறைச் சஷ்டி என்பதால் ஒவ்வொரு வருஷமும் அன்று நிலா ஏறக்குறைய அதே வடிவில்தான் இருக்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டி தியோஃபிலஸ், சிரிலஸ், காத்தரினா என்று மூன்று பெரும் பள்ளங்கள் வரிசையாக நிற்கும். தியோஃபிலஸ் மட்டும் 100 கி.மீ. அகலம், நடுவில் மலை, அந்த மலையின் உச்சியில் மட்டும் வெயில். மேற்கு வானில் இரவு பத்து மணி வரை நிலா இருக்கும், ஊரிலிருந்து வந்த சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். நோன்பின் பிரசாதமான இழையை எடுத்துக்கொண்ட கையோடு மாடிக்கு அழைத்து வாருங்கள். 48 மடங்கில் வைத்து, "ஆச்சி, குழாயைத் தொடாம, கண்ணை மட்டும் பக்கத்துல கொண்டு வாங்க" என்று சொல்லி நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வெள்ளெழுத்து, தூரப்பார்வைக் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சிதறல் பார்வை உள்ளவர்கள் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது.

தை முதல் பங்குனி வரை மாலை வானில் வேடன் (ஓரியன்) கூட்டம் உயரத்தில் இருக்கும். திருவாதிரைக்குக் கீழே, இடுப்புப் பட்டையிலிருந்து தொங்கும் வாளில் நடு நட்சத்திரம் பஞ்சுபோல் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம். சித்திரை, வைகாசியில் தெற்கே ஒமேகா சென்டாரியைத் தேடுங்கள். சுமார் 17,000 ஒளியாண்டுத் தொலைவில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த பந்து. லண்டனிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது, நமக்கு அடிவானத்திலிருந்து 30 பாகைக்கும் மேலே ஏறி நிற்கும். பைனாகுலரில் பஞ்சுத் துகள், 150 மி.மீ. ஆடியில் தூவிய மாக்கோலம். அதற்காகவாவது ஒரு நாள் கண்மாய்க் கரைக்குத் தூக்கிப்போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் எதிர்பார்ப்பு வேண்டாம்.

சூரியன்

தொலைநோக்கியாலோ பைனாகுலராலோ சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு நொடி போதும், பார்வை போய்விடும். மலிவுக் கருவிகளோடு ஐபீஸில் திருகும் கருப்பு சூரிய ஃபில்டர் கொடுப்பார்கள். குவிந்த சூட்டில் அது வெடித்துவிடும், இன்றே குப்பையில் போடுங்கள். குழாயின் முன்வாயை முழுவதும் மூடும் தரச்சான்று பெற்ற ஃபில்டர்தான் பாதுகாப்பு, கூடவே ஃபைண்டரையும் மூடிவிட வேண்டும். 2019 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கமெல்லாம் கங்கண கிரகணம் தெரிந்தது. 2031 மே 21 அன்று தென்தமிழகத்தில் இன்னொன்று வருகிறது. அதற்குள் நல்ல ஃபில்டர் வாங்கிப் பழகிக்கொள்ளலாம்.

சூரியனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைக் கொடைக்கானலில் பார்க்கலாம். 1899ல் தொடங்கிய அந்த ஆய்வகத்தில் கோபுரத்தின் மேலிருக்கும் ஆடிகள் சூரிய ஒளியைக் கீழே இறக்கி 60 மீட்டர் நீளமுள்ள சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. 38 செ.மீ. லென்ஸ் ஒன்று ஓரடிக்கும் மேற்பட்ட அகலத்தில் சூரியனின் பிம்பத்தை விழவைக்கிறது. வளவு அறையில் சுவரில் முற்றத்தை விழவைத்தீர்களே, அதேதான்.

பராமரிப்பு

ரிஃப்ராக்டருக்கும் மாக்சுடோவுக்கும் பெரிதாக வேலை இல்லை. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். நியூட்டனுக்கு மட்டும் ஆடிகளை நேர்ப்படுத்தும் வேலை அவ்வப்போது உண்டு. முதல் தடவை பயமாக இருக்கும், பழகினால் ஐந்து நிமிஷம்.

குழாயைக் கிடைமட்டமாக வையுங்கள். திருப்புளி கை தவறினாலும் ஆடிமேல் விழாது. ஐபீஸ் துளையின் பிளாஸ்டிக் மூடியில் சரியாக நடுவில் ஒரு சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாகப் பாருங்கள். முதலில் தெரிவது சாய்ந்த சின்னக் கண்ணாடி. அதற்குள் பெரிய ஆடி, அதைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகள். மூன்று கிளிப்பும் சமமாகத் தெரியும்வரை சின்னக் கண்ணாடியின் திருகுகளைத் துளித் துளியாகத் திருப்புங்கள். அப்புறம் குழாயின் அடியில் உள்ள திருகுகளைத் திருப்பி, சின்னக் கண்ணாடியின் நிழலுருவம் பெரிய ஆடியின் நடுவுக்கு வரும்படி செய்யுங்கள். இரவில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்துக் குவியத்தைக் கொஞ்சம் கலையுங்கள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் நெருக்கமாக ஒதுங்கினால் அடித் திருகுகளில் இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி.

ஆடியில் தூசி படிந்திருப்பதைப் பார்த்துப் பதறித் துணியால் துடைத்துவிடாதீர்கள். அலுமினியப் பூச்சு கண்ணாடியின் மேற்பரப்பிலேயே இருக்கிறது, ஒரு தேய்ப்பில் கீறல் விழும். கொஞ்சத் தூசியால் காட்சி கெடுவதே இல்லை, காற்றுப் பந்தால் ஊதிவிட்டால் போதும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆடியைக் கழற்றி, முதலில் தண்ணீரை ஓடவிட்டுத் தூசியைப் போக்குங்கள். ஒரு துளி சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் இழுத்து, மறுபடி அலசி, கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு தடவை ஊற்றுங்கள். போர்த் தண்ணீரோடு விட்டால் உப்புத் திட்டு படியும். பிறகு ஆடியைச் சுவரோரம் நிமிர்த்திச் சாய்த்து வைத்து, மின்விசிறி போடாமல் தானாகக் காயவிடுங்கள்.